வீட்டைக் கட்டும் முன் கம்ப்யூட்டரில் ஒரு முறை கட்டிப் பாருங்கள்

என் அப்பா ஒரு மேஸ்திரி. விருதுநகர் மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளாக வீடு கட்டி வருகிறார். நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராக இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் இரவு அவரிடமிருந்து போன் வந்தது. சைட்டில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் மொபைலில் ஒரு வீடியோ காட்டினானாம். பற்பசையைப் பிதுக்குவது போல் ஒரு பெரிய மிஷின் சிமெண்ட் கலவையைப் பிதுக்கிக்கொண்டே போகிறது. சுவர் தானாக எழும்புகிறது. கொத்தனாரும் இல்லை, சித்தாளும் இல்லை.

"கம்ப்யூட்டர் படிச்சவன் நீ, சொல்லுப்பா. இந்த மிஷின் வந்துட்டா எங்க பொழப்பு அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா" என்று அப்போதைக்குச் சொல்லி வைத்தேன். ஆனால் அந்தப் பதிலை நான் யோசித்துச் சொல்லவில்லை. அதன் பிறகு இது பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். அவருக்குச் சொல்ல வேண்டிய உண்மையான பதில்தான் இந்தக் கட்டுரை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கும் இதில் ஒரு பயன் இருக்கிறது. நடுத்தரக் குடும்பத்தின் மிகப் பெரிய செலவு வீடுதான். அந்தச் செலவில் ஒரு பகுதியை உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரே மிச்சப்படுத்தித் தரும்.

பிரிண்டர் கட்டும் சுவர்

முதலில் அந்த மிஷின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் வீட்டு பிரிண்டர் பேப்பரில் மையைத் தெளிக்கிறது. 3டி கட்டிட பிரிண்டர் மைக்குப் பதிலாக ஒரு வகைக் கலவையை ஒரு முனையின் வழியே வரிசை வரிசையாகப் படிய வைக்கிறது. ஒரு வரிசை இறுகத் தொடங்கியதும் அதன் மேல் அடுத்த வரிசை. எங்கே திரும்ப வேண்டும், ஜன்னலுக்கு எங்கே இடம் விட வேண்டும் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்த பைலில் இருக்கிறது.

இது வெளிநாட்டுச் சமாச்சாரம் மட்டும் அல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் தொடங்கிய த்வஸ்தா என்ற நிறுவனம் அந்த வளாகத்திலேயே 600 சதுர அடியில் ஒரு 3டி பிரிண்ட் வீட்டைக் கட்டியது. 2021ம் ஆண்டு ஏப்ரலில் அது திறக்கப்பட்டது. 2023ம் ஆண்டு ஆகஸ்ட்டில் பெங்களூரு அல்சூர் பகுதியில் 1,021 சதுர அடியில் ஒரு தபால் நிலையம் இதே முறையில் திறக்கப்பட்டது. எல் அண்ட் டி நிறுவனம் 43 நாட்களில் இதன் வேலையை முடித்தது. செலவு சுமார் 23 லட்சம் ரூபாய் என்று செய்திகள் வந்தன.

இப்போது கால்குலேட்டரைத் திறந்து கொள்ளுங்கள். 23 லட்சத்தை 1,021ஆல் வகுத்தால் சதுர அடிக்கு ஏறக்குறைய 2,250 ரூபாய் வருகிறது. தமிழக அரசு 2024ம் ஆண்டு அறிவித்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்குத் தரும் உதவி 3.5 லட்சம் ரூபாய். வகுத்தால் சதுர அடிக்கு 970 ரூபாய் சொச்சம். தபால் நிலையமும் குடியிருப்பும் ஒன்றல்ல, நகரச் செலவும் கிராமச் செலவும் ஒன்றல்ல. பயனாளிகள் கைப்பணமும் போடுகிறார்கள். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இடைவெளி இரண்டு மடங்குக்கு மேல். குடிசையை மாற்றி ஒரு கான்கிரீட் வீடு கேட்டுக் காத்திருக்கும் குடும்பத்துக்கு இந்த பிரிண்டர் இன்னும் எட்டவில்லை.

சுற்றுச்சூழல் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. முனை வழியே அடைக்காமல் வர வேண்டும் என்பதால் இந்தக் கலவையில் ஜல்லி போட முடியாது, அல்லது மிகச் சிறியதாகத்தான் போட முடியும். எனவே சாதாரண கான்கிரீட்டை விட சிமெண்ட் பங்கு பொதுவாகக் கூடுகிறது. உலகம் முழுவதும் மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் 7 முதல் 8 சதவிகிதம் சிமெண்ட் தயாரிப்பினால் வருவது. பலகை அடிக்கும் மரம் மிச்சம், வீணாகும் பொருள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் மிஷினில் வந்தது என்பதற்காகவே அதைப் பசுமை வீடு என்று சொல்லிவிட முடியாது.

மேலும் பிரிண்டர் கட்டுவது சுவரைத்தான். அஸ்திவாரம், ஒயரிங், பிளம்பிங், கதவு, டைல்ஸ் எல்லாவற்றுக்கும் கை வேண்டும்.

தொழிற்சாலையில் வார்த்த வீடு

அடுத்தது மாடுலர் முறை. வீட்டின் பாகங்களைத் தொழிற்சாலையில் தயாரித்து, லாரியில் கொண்டு வந்து, கிரேன் வைத்துத் தூக்கிப் பொருத்துவது. உங்கள் கம்ப்யூட்டரையே எடுத்துக் கொள்ளுங்கள். ரேம் ஒரு கம்பெனி, ஹார்ட் டிஸ்க் ஒரு கம்பெனி, மதர்போர்டு ஒரு கம்பெனி. ஆனாலும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறது. காரணம் அளவுகளையும் இணைப்பு முனைகளையும் எல்லோரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள்.

சென்னை பெரும்பாக்கத்தில் இப்படித்தான் 1,152 வீடுகள் கட்டப்பட்டன. மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் 6 நகரங்களில் 6 விதத் தொழில்நுட்பங்களை முயன்று பார்த்தார்கள். ராஞ்சியில் அறைகளையே முழுதாக வார்த்து எடுத்து வந்து அடுக்கினார்கள். சென்னைக்குக் கிடைத்தது முன்பே வார்த்த கான்கிரீட் பாகங்களைப் பொருத்தும் முறை. 2021ம் ஆண்டு ஜனவரி 1ல் அடிக்கல் நாட்டி, 2022ம் ஆண்டு மே 26ல் திறந்தார்கள். 17 மாதங்களுக்குள் 1,152 வீடுகள் என்பது பெரிய விஷயம்தான். செலவு சுமார் 116 கோடி ரூபாய். வீட்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம்.

ஆனால் இந்த வேகத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒரே மாதிரி வீடுகள் நூற்றுக்கணக்கில் வேண்டும். கிரேன் வந்து திரும்ப இடம் வேண்டும். எங்கள் தெருவில் மணல் லாரி வந்தாலே எதிரில் வரும் சைக்கிள் திரும்பிப் போக வேண்டும். இரண்டு சென்ட் இடத்தில் ஒரு வீடு கட்டுபவருக்காக ஒரு தொழிற்சாலை அச்சு செய்து தராது.

தொழிற்சாலைக்கும் ஆபத்து உண்டு. பிரிவினையின்போது வந்த அகதிகளுக்கு வேகமாக வீடு தர 1948ம் ஆண்டே டெல்லியில் அரசு ஒரு வீட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. நினைத்தபடி வீடுகள் வரவில்லை. அமெரிக்காவில் 2015ம் ஆண்டு தொடங்கிய கட்டெரா என்ற கம்பெனி, கம்ப்யூட்டர் துறை முதலீட்டாளர்களின் பணத்தைக் கோடி கோடியாக வாங்கி, கட்டிடத் தொழிலையே மாற்றுகிறேன் என்றது. 2021ம் ஆண்டு ஜூனில் திவால் மனு போட்டது. மிஷினையும் ஷெட்டையும் வாங்கிவிட்டால் ஆர்டர் இடைவிடாமல் வர வேண்டும். வீட்டு வேலை அப்படி வருவதில்லை. ஒரு வருடம் வரும், ஒரு வருடம் வராது.

நம் தெருவில் இருக்கும் மாடுலர்

அப்படியானால் இந்த முறைகளில் நமக்கு எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. மாடுலர் என்பது நமக்குப் புதிதும் அல்ல. செப்டிக் டேங்குக்கு இறக்கும் சிமெண்ட் உறையைப் பாருங்கள். எங்கோ வார்த்து, வண்டியில் வந்து, ஒன்றன் மேல் ஒன்றாக உட்காருகிறது. கீழடி அகழாய்வில் கிடைத்த சுடுமண் உறைகிணறுகளும் இதே யோசனைதான். ரெடிமேட் காம்பவுண்ட் சுவர், கான்கிரீட் ஜன்னல் நிலை எல்லாம் இதில் சேரும். இவற்றுக்குக் கிரேன் வேண்டாம். நான்கு பேர் தூக்கினால் போதும்.

செங்கல்லும் ஒரு மாடுல்தான். இந்தியத் தர நிர்ணயத்தில் மாடுலர் செங்கல் 19 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம். சுற்றிப் பூசும் கலவை ஒரு செ.மீ. சேர்ந்தால் 20, 10, 10. ஒரு சுவர் 4 மீட்டர் என்றால் சரியாக 20 செங்கல் நீளம். அதையே 4 மீட்டர் 7 செ.மீ. என்று வைத்தால், 3 மீட்டர் உயரச் சுவரில் 30 வரிசையிலும் கூடுதலாக ஒரு துண்டு செங்கல் உடைத்து வைக்க வேண்டும். அந்த 7 செ.மீ. இடத்தால் வீட்டில் இருப்பவருக்கு ஒரு லாபமும் இல்லை. வீணாவது செங்கல்லும், கலவையும், கொத்தனாரின் நேரமும்.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007ம் ஆண்டு மறைந்த கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் இந்தச் செங்கல்லை வைத்தே குறைந்த செலவு வீடுகள் கட்டினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் காலி இடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையை அவர் பரவலாக்கினார். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். உள்ளே காற்று நிற்பதால் வெயிலும் குறைவாக இறங்கும். அதற்கு அவருக்கு எந்த மிஷினும் தேவைப்படவில்லை. கட்டுவதற்கு முன் யோசித்தார், அவ்வளவுதான்.

என் வீட்டு மாடிப்படி

இங்கே என் வெட்கத்தைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் எங்களுக்கென்று ஒரு வீடு கட்டினோம். கடன் என் பெயரில், வேலை அப்பா பொறுப்பில். பிளான் ஒரு பேப்பரில் இருந்தது, மீதி அப்பாவின் தலையில் இருந்தது. ஹாலில் மாடிப்படி வார்த்து, பலகை பிரித்த பிறகு நான் போன் செய்து, "படிக்கு அடியில ஒரு பாத்ரூம் வைங்கப்பா, அம்மாவுக்கு முட்டி வலி, பின்பக்கம் நடக்க முடியாது" என்றேன்.

தளத்தின் உயரம் 10 அடி. படிக்கு 6 அங்குலம் வீதம் 20 படி. பாதியில், அதாவது 10வது படியில் திரும்பும் மேடை. தரையிலிருந்து அதன் உயரம் 5 அடி. மேடையின் கனம் 5 அங்குலம் போனால் கீழே கிடைப்பது 4 அடி 7 அங்குலம். அதற்குள் யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. பாத்ரூம் வேண்டுமானால் மேடை 14வது படிக்கு, 7 அடிக்குப் போக வேண்டும். இந்தக் கணக்கு எதையும் நான் போட்டுப் பார்க்கவில்லை. வார்த்த படியை உடைத்தார்கள். 12 நாள் வேலை கூடியது. 62 ஆயிரம் ரூபாய் கூடியது. என் கடன் தவணையில் மூன்று மாதம் போனது போல.

அப்பா திட்டவில்லை. "இதை முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு பென்சில் கோடுதானேப்பா" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னைச் சுட்டது. ஏனென்றால் அலுவலகத்தில் இதே குற்றத்துக்காக வாடிக்கையாளர்களைப் பற்றிப் புலம்புகிறவன் நான். புரோகிராம் எழுதி முடித்த பிறகு மாற்றம் கேட்டால் எவ்வளவு செலவு என்று அவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன். சாப்ட்வேரில் எழுதியதை அழித்து மீண்டும் எழுதலாம். வீட்டில் சம்மட்டி எடுக்க வேண்டும். உடைத்த சிமெண்ட்டும் கம்பியும் குப்பைதான்.

பெரிய நிறுவனங்கள் இதைத்தான் முதலில் சரி செய்தன. முழுக் கட்டிடத்தையும் கம்ப்யூட்டரில் மாடலாக உருவாக்கி, தண்ணீர்க் குழாய் உத்தரத்தில் இடிக்கிறதா, கதவு திறந்தால் தூணில் முட்டுகிறதா என்று முன்பே கண்டுபிடிக்கிறார்கள். பெரும்பாக்கமானாலும் அல்சூரானாலும், வேலை தொடங்கும் முன் வரைபடம் முழுதாக முடிந்திருக்க வேண்டும். பாதி வரைந்த பைலை வைத்து பிரிண்டர் ஓடாது, அச்சும் செய்ய முடியாது. அந்த வேகத்தில் பெரிய பங்கு மிஷினுக்கு உரியது அல்ல, முடித்து வைத்த வரைபடத்துக்கு உரியது என்பது என் கருத்து. மிஷினை வாங்க நம்மிடம் பணம் இல்லை. ஆனால் வரைபடத்தை முடிக்க நம்மிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

ஸ்வீட் ஹோம் 3டி என்று ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த எம்மானுவல் புய்பாரே உருவாக்கியது. இலவசம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். இன்ஸ்டால் செய்து திறந்தால் திரை நான்கு பகுதிகளாகத் தெரியும். இடது பக்கம் மேலே கதவு, ஜன்னல், கட்டில் போன்ற பொருட்கள். அதன் கீழே நீங்கள் சேர்த்தவற்றின் பட்டியல். வலது பக்கம் மேலே பிளான் வரையும் இடம். அதன் கீழே அதே வீடு 3டி தோற்றத்தில் தெரியும்.

முதலில் பிரிபரன்சஸ் பகுதிக்குச் சென்று அளவை மீட்டருக்கோ, அடி அங்குலத்துக்கோ மாற்றிக் கொள்ளுங்கள். பிறகு சுவர் வரையும் கருவியைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு மூலையிலும் கிளிக் செய்து கொண்டே போங்கள். முடிக்கும் இடத்தில் டபுள் கிளிக் செய்யுங்கள். கதவு, ஜன்னல்களை மவுஸால் இழுத்துச் சுவரில் வைக்கலாம். பழகும் வரை இப்போது குடியிருக்கும் வீட்டையே டேப் பிடித்து அளந்து வரையுங்கள். என் மாடிப்படியை நான் பிற்பாடு இதில் வரைந்து பார்த்தேன். தலை இடிப்பது பத்து நிமிடத்தில் தெரிந்தது.

வரைந்ததும் வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். குறிப்பாக அம்மாவை. சமையல் மேடையின் உயரம், கிரைண்டர் வைக்கும் இடம், துணி துவைக்கும் இடம் பற்றிய மாற்றங்கள் எல்லாம் அப்போதே வந்துவிட வேண்டும். கதவு, ஜன்னல்களை இரண்டு மூன்று அளவுகளுக்குள் அடக்குங்கள். சுவர் நீளங்களை உங்கள் ஊர்ச் செங்கல்லின் மடங்குக்குச் சரிசெய்யுங்கள். ஊருக்கு ஊர் செங்கல் அளவு மாறும் என்பதால் சூளையில் அளந்து பார்ப்பது நல்லது.

அடுத்து எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து ஒரு கணக்குப் போடுங்கள். மாடுலர் செங்கல் ஒரு கன மீட்டருக்கு 500 பிடிக்கும். ஏ, பி, சி காலங்களில் நீளம், உயரம், கனம் கொடுத்து, மூன்றையும் பெருக்கி, 500ஆல் பெருக்குங்கள். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 0.2 மீட்டர் கனம் உள்ள சுவருக்கு 1,200 செங்கல். அதில் 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் ஜன்னல் வைத்தால் 144 குறையும். மீதி 1,056. இப்படி ஒவ்வொரு சுவருக்கும் போட்டால், செங்கல் லோடு எத்தனை என்று நீங்களே சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்த சாப்ட்வேர் இடத்தைத்தான் காட்டும், பலத்தைக் காட்டாது. தூண், உத்தரம், கம்பி அளவுகளைத் தகுதி பெற்ற சிவில் இன்ஜினியர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் தெளிவான வரைபடத்தோடு போவதற்குத்தான் இவ்வளவும்.

வரைபடமும் இலவசமாகட்டும்

கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கேதான் அரசும் கல்லூரிகளும் வர வேண்டும். லண்டனில் அலாஸ்டைர் பார்வினும் நண்பர்களும் 2011ம் ஆண்டு விக்கிஹவுஸ் என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். பிளைவுட்டை சி.என்.சி. மிஷினில் வெட்டிப் பூட்டும் வீட்டின் பைல்களை எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். நம் ஊர்க் கரையானுக்கு பிளைவுட் வீடு ஒத்து வராது. ஆனால் ஒருவர் சரிபார்த்த வடிவத்தை அடுத்தவர் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் ஒத்து வரும். நாங்கள் புரோகிராம் எழுதும்போது எல்லாவற்றையும் புதிதாக எழுதுவதில்லை. சோதித்து முடித்த லைப்ரரிகளை எடுத்துக் கொள்கிறோம்.

360 சதுர அடி வீட்டுக்கு, கடற்கரை மண்ணுக்கு ஒன்று, கரிசல் மண்ணுக்கு ஒன்று என்று இன்ஜினியர்கள் சரிபார்த்த பத்து வடிவங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் 3டி படம், செங்கல் எண்ணிக்கை, கம்பிப் பட்டியல், கிரேன் இல்லாமல் தூக்கக்கூடிய வார்ப்புப் பாகங்களின் அளவு, எல்லாம் தமிழில் ஒரே பைலாக. ஊராட்சி அலுவலகத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால், அதைப் படித்து வேலையை நடத்த என் அப்பா போன்ற மேஸ்திரிகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பல கோடி ரூபாய் மிஷினுக்கு முன்னால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

அப்பாவுக்கு இப்போது நான் சொல்லும் பதில் இதுதான். மிஷின் பெரிய நகரங்களில் வேலையை எடுத்துக்கொள்ளும். அங்கே தினக்கூலிக்குப் போகும் நம்மவர்களுக்கு அது உண்மையான கவலை, மறைக்க மாட்டேன். நம் தெருவுக்கு அது வர நாளாகும். அதற்குள் வரைபடம் படிக்கத் தெரிந்த மேஸ்திரிக்கு மதிப்புக் கூடும்.

கடந்த முறை ஊருக்குப் போனபோது என் பழைய லேப்டாப்பை அப்பாவிடம் விட்டு வந்தேன். மவுஸ் பிடிக்கக் கை நடுங்குகிறது என்றார். இரண்டு வாரம் கழித்து போன் வந்தது. பக்கத்துத் தெருவில் ஒருவர் வீடு கட்டப் போகிறாராம். தங்கை உதவியுடன் அந்த வீட்டை வரைந்து காட்டியிருக்கிறார். வீட்டுக்காரர் அம்மா பார்த்துவிட்டு, பூஜை அறையை இடம் மாற்றச் சொன்னாராம்.

"மாத்திட்டீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"ஒரு கிளிக்தானப்பா" என்றார்.